கடைசி பெஞ்சில் நாலு வாரம்

குற்றவியல் துறையில் கால் வைக்க நினைக்கும் மாணவர்கள் பயிற்சிக்கு எங்கே போகிறார்கள், எங்கே போக வேண்டும்?

தாலுகா தலைநகரத்துக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். காலை பத்தரை மணிக்கு நடுவர் வந்து அமர்ந்ததும் 'காலிங் ஒர்க்' தொடங்கிவிடும். டவாலி வாசலில் நின்று பெயர்களைக் கூவுவார். ஒரு பெயருக்கு ஆள் ஓடி வருவார். அடுத்த பெயருக்கு வக்கீல் மட்டும் எழுந்து 'முன்னூற்றிப் பதினேழு' என்று ஒரு தாளை நீட்டுவார். அதற்கடுத்தவர் மூன்று வாய்தாவாகவே வரவில்லை; பிடியாணை. அடி வாங்கியவரும் அடித்தவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது, ஐம்பது வழக்குகள் நகர்ந்துவிடும்.

கடைசி பெஞ்சில் வந்து உட்காரும் சட்டக் கல்லூரி மாணவருக்கு முதல் சில நாள் தலையும் புரியாது, காலும் புரியாது. குற்றம் சாட்டப்பட்டவரால் இன்றைக்கு வர இயலவில்லை, பொறுத்தருள வேண்டும் என்று கேட்கும் மனுதான் அந்த 317. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதற்கு எண் 355. வக்கீல்களின் வாய்க்கு மட்டும் இன்னும் பழைய எண்தான் பழக்கம். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இங்கே உட்கார்ந்தால்தான் காதில் விழும்.

ஆனால் மே மாதம் பிறந்தால் மாணவர் கூட்டம் போகும் திசை வேறு. உயர் நீதிமன்றம், பெரிய சீனியர், ஏ.சி. சேம்பர். அங்கே போகக் கூடாது என்பதல்ல. குற்றவியலைத் தொழிலாகக் கொள்ளப் போகிறவர் அங்கிருந்து தொடங்குவது தலைகீழ் வரிசை. உயர் நீதிமன்றத்துக்கு வருவது ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட காகிதம். அந்தக் காகிதம் எழுதப்படும் இடம் காவல் நிலையமும் கீழ் நீதிமன்றமும்தான். தவறு நடப்பதும் அங்கேதான், திருத்த முடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சான்றிதழ் சந்தை

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் படிப்பு முடிவதற்குள் குறைந்தது 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வாதாடும் வழக்கறிஞரிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. காகிதத்தில் நல்ல விதி. நடைமுறையில் வழக்கறிஞரின் லெட்டர்பேடில் இரண்டு பத்தி, ஒரு கையெழுத்து, ஒரு சீல் இருந்தால் முடிந்துபோகிறது.

போதாக்குறைக்குப் பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே 'கிரிமினல் லா இன்டர்ன்ஷிப்' என்று சான்றிதழ் அனுப்பும் ஆன்லைன் வியாபாரமும் பெருகிவிட்டது. நான்கு கட்டுரை எழுதச் சொல்வார்கள், ஒரு க்விஸ் வைப்பார்கள். எஃப்.ஐ.ஆர். ஒன்றைக் கண்ணால் பார்க்காமலேயே ஒருவர் ஐந்தாறு குற்றவியல் பயிற்சிகளை முடித்ததாகச் சுயவிவரத்தில் எழுதிவிடலாம். வேலைக்கு எடுப்பவர் ஏமாறுவார் என்று நினைத்தால் தப்புக் கணக்கு. ரிமாண்ட் ரிப்போர்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் என்ன குறை என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளுத்துவிடும்.

ரிமாண்ட் என்னும் பள்ளிக்கூடம்

நான்கு வாரத்தில் ஒன்றை மட்டும்தான் கற்க முடியும் என்றால், எதைக் கற்பது? ரிமாண்டை என்பேன்.

கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. அப்படி நிறுத்துவது பல சமயம் மாலையில், சில சமயம் விடுமுறை நாளில் நடுவரின் வீட்டில் நடக்கும். நடுவர் ஆளைப் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே பிடித்தார்கள் என்று கேட்க வேண்டும். உடம்பில் காயம் இருக்கிறதா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். மருத்துவச் சான்றைப் படிக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது நெறிமுறைகள் உயிரோடு இருக்கின்றனவா என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துபோகும். ஏழாண்டு வரையிலான தண்டனைக்குரிய குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் காட்ட வேண்டும் என்றது 2014-ன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. அந்தக் காரணம் ரிமாண்ட் ரிப்போர்ட்டில் ஆளுக்குத் தகுந்தபடி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது போன வாரத்து வழக்கின் வாசகமே பெயர் மட்டும் மாறி வந்திருக்கிறதா? இரண்டு ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவரே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சாத்தான்குளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, சில நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். காவல் நிலையத்தில் நடந்தது பற்றி நாடே பேசியது. அவர்களை ரிமாண்ட் செய்த விதம் பற்றியும் சட்டத் துறையினர் கேள்வி எழுப்பினார்கள். காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு அந்த ரிமாண்ட்தான்.

ரிமாண்டுக்குப் பிறகு வருவது நாள் கணக்கு. சட்டம் குறித்த 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ரிமாண்ட் ஆன நாளை எண்ணுவதா, விடுவதா என்ற குழப்பத்தை 2023 மார்ச்சில் கபில் வாதவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: அந்த நாளும் கணக்கில் சேரும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று நினைக்கலாம். அந்த ஒரு நாளில் ஒருவர் வெளியே வருகிறார், அல்லது வராமல் போகிறார். நல்ல சீனியர்கள் பயிற்சி மாணவருக்கு முதல் வேலையாக ஒரு காலண்டரும் கேஸ் கட்டும் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்வார்கள். வழக்கை எழுத்தெழுத்தாகப் படிக்க வைப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

இந்தக் கணக்கு எவ்வளவு பேரைத் தொடுகிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு. ஆயுள், மரண தண்டனை வழக்குகளும் பல வழக்கு நிலுவையில் உள்ளவர்களும் இதில் வரமாட்டார்கள். யார் யாருக்குப் பொருந்தும் என்று சிறை வாரியாகப் பட்டியல் எடுப்பது சலிப்பான எழுத்து வேலை. மாணவர்கள் உருப்படியாகத் தோள் கொடுக்கக்கூடிய வேலையும் அதுவே. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் செய்வதற்கு இப்படி ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும்.

கட்டைப் பிரித்துப் படி

வழக்குக் கட்டு படிப்பது தனிக் கலை. புகார் எத்தனை மணிக்கு, எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு, அது நடுவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது எப்போது என்ற மூன்று நேரங்களையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பல கொலை வழக்குகளின் தலையெழுத்து அந்த இடைவெளிகளில் கிடக்கிறது. அடுத்து பார்வை மகஜர், மாதிரி வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலம், பிணக்கூராய்வு அறிக்கை. மகஜரில் கையெழுத்திட்ட இருவரும் எந்த ஊர்க்காரர்கள்? சம்பவ இடத்துக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார். வரைபடத்தில் தெருவிளக்கே இல்லை. குறுக்கு விசாரணை என்றால் திரைப்படத்தில் வருவதுபோல மேசையைத் தட்டுவது என்று நினைத்து வருபவர்கள், அது இப்படிக் காகிதத்தில் பொறுமையாகத் தேடி எடுப்பது என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள்.

இன்றைய மாணவருக்கு இரட்டைச் சுமை வேறு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம், பிறகு நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. ஒரே நீதிமன்றத்தில் காலையில் 302, மதியம் 103, இரண்டும் கொலைதான். பழைய வழக்குகள் தீர இன்னும் பல ஆண்டு ஆகும். புதிய சட்டத்தை மட்டும் படித்துவிட்டு வருபவர் பாதி வழக்குகளில் ஊமையாக நிற்பார்.

மொழி இன்னொரு சுவர். தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதற்கு 1976-லேயே ஆட்சிமொழிச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. சாட்சி தமிழில் சொல்கிறார், வாக்குமூலம் தமிழில் பதிவாகிறது, தீர்ப்பும் பெரும்பாலும் தமிழிலேயே வருகிறது. ஆங்கிலத்தில் மூட் கோர்ட் பரிசுகளைக் குவித்த மாணவர், ஒரு பெண் சொல்லும் புகாரை அவர் சொன்ன வரிசையில் பிழையில்லாத தமிழில் எழுதத் திணறுவதைக் கோர்ட் வளாகங்களில் யாரும் பார்க்கலாம். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த முதல் தலைமுறை மாணவருக்கு இங்கேதான் கை ஓங்குகிறது. அந்த பலம் தனக்கு இருப்பதையே அவருக்கு யாரும் சொல்வதில்லை.

கறுப்புக் கோட்டு மட்டுமல்ல

குற்றவியல் துறை என்றதும் வக்கீலும் போலீசும் மட்டும் நினைவுக்கு வருவது நம் சினிமா செய்த வேலை. தடய அறிவியலில் சென்னைக்கு மூத்த இடம் உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-ல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணியையும் உலோகத் துண்டுகளையும் வைத்து இடுப்புப் பட்டை வெடிகுண்டின் வடிவத்தையே மீட்டெடுத்துக் காட்டியவர் தமிழகத் தடய அறிவியல் துறையின் அப்போதைய இயக்குநர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். அங்கே இறந்து கிடந்த ஒரு புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படச்சுருள்தான் விசாரணைக்கு முகங்களைக் கொடுத்தது. அந்தக் கேமராவை ஒருவர் கவனக்குறைவாகத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தடயப் பயிற்சி மாணவருக்கு முதல் நாளில் சொல்லும் பாடம் எதையும் தொடாதே என்பதுதான். சான்றுப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், எந்த முத்திரையோடு போனது என்ற பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தாலே பயிற்சி வீணாகவில்லை.

இந்தத் துறைக்கு ஆள் தேவை கூடத்தான் போகிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து சான்று சேகரிக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு. மாநிலங்கள் தயாராவதற்கு ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறது. சோதனை, பறிமுதல் இரண்டையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது 105-வது பிரிவு. அத்தனை பதிவுகளையும் பாதுகாக்கவும், கோர்ட்டில் நிரூபிக்கவும் ஆள் வேண்டாமா? வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் படித்தவர்களுக்குத் தடய அறிவியல் துறையிலும் காவல் துறையின் விரல்ரேகைப் பிரிவிலும் இடம் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிப்பு 1965-ல் தொடங்கியது. குற்றம் செய்தவரையே பார்த்துக்கொண்டிருந்த துறையைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் திருப்பிய இந்திய அறிஞர்களில் முதன்மையானவர் அங்கிருந்து வந்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம். பின்னாளில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அந்த நெல்லைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறை இயங்குகிறது. இத்தனை பழமை இருந்தும், குற்றவியல் முதுகலை முடித்த மாணவரிடம் உறவினர்கள் கேட்பது, "போலீஸ்ல சேரப் போறியா?" என்பதுதான்.

உண்மையில் அவருக்குப் பொருத்தமான வேலைகளில் ஒன்று நன்னடத்தை அலுவலர் பணி. சின்னக் குற்றத்தில் முதல் முறை சிக்கியவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் ஏற்பாட்டுக்குச் சென்னை மாகாணம் 1936-லேயே சட்டம் இயற்றியது. நாட்டுக்குப் பொதுவான சட்டம் வந்தது 1958-ல்தான். குற்றவாளியின் வீடு, வேலை, அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்து அறிக்கை கொடுப்பவர் நன்னடத்தை அலுவலர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பட்டியலில் இந்தப் பணியும் வருகிறது. பலர் அந்த வரியைத் தாண்டிச் சார்பதிவாளர் வரிக்குப் போய்விடுகிறார்கள்!

சிறார் பக்கம் இன்னும் நுட்பமானது. செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2023-ல் அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் களப்பணிக்காக இத்தகைய இல்லங்களுக்குப் போகிறார்கள். அங்கே சந்திக்கும் சிறுவனின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி தண்டனைக்குரியது. போக்சோ வழக்கிலும் பாலியல் வன்முறை வழக்கிலும் அப்படியே. பயிற்சிக்குப் போன இடத்தில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கம் இங்கே வெறும் அநாகரிகம் மட்டுமல்ல, குற்றமாகவே முடியலாம். இதைக் கல்லூரிகள் அனுப்பும் முன்பே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

காவல் நிலையத்துக்குள் மாணவராக நுழையவும் இப்போது வழி உண்டு. மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த மாணவர் காவல் அனுபவக் கற்றல் திட்டம், 30 நாளில் 120 மணி நேரம் நிலையத்தோடு இணைந்திருக்க வாய்ப்புத் தருகிறது. போனால் இன்ஸ்பெக்டர் அறையில் டீ குடித்துக்கொண்டு இருக்காமல் ரைட்டர் பக்கத்தில் உட்காருவது நல்லது. நிலையத்தின் நினைவாற்றல் முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது.

சோறு போடுமா?

படித்து முடித்த அன்றே கிடைக்கும் அரசு வேலை சட்டப் பட்டதாரிக்கு இந்தத் துறையில் குறைவு. உதவி அரசு வழக்கறிஞர் நிலை இரண்டுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு தொழில் செய்திருக்க வேண்டும். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. ஆக, நடுவே சில ஆண்டு யாராவது ஒரு சீனியரின் நிழலில் ஓட்டியாக வேண்டும். அங்கேதான் பணம் குறுக்கே நிற்கிறது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது ரூ.20,000, மற்ற மாவட்டங்களில் ரூ.15,000 உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. எத்தனை சேம்பர்களில் அது கைக்கு வருகிறது என்பதை ஜூனியர்களிடம் தனியாகக் கேட்டால் சொல்வார்கள். பயிற்சி மாணவருக்கு அந்த அளவு ஏற்பாடுகூட இல்லை. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் சொந்தக் காசு. அப்பா வக்கீலாக இருப்பவருக்கும் அப்பா கூலி வேலைக்குப் போகிறவருக்கும் இந்த நாலு வாரம் ஒன்றல்ல. சாதியும் தெரிந்தவர் சிபாரிசும் சேம்பர் கதவை யாருக்குத் திறக்கின்றன என்பதும் ஊரறிந்த விஷயம்.

புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கதவு பலருக்குத் தெரியாது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022-ல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில், வசதியற்றவர்களுக்காகக் குற்ற வழக்குகளில் மட்டும் முழு நேரமாக வாதாடுபவர்களை மாவட்டந்தோறும் மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். ஒப்பந்தப் பணி, வெளியே சொந்தமாக வழக்கு எடுக்கக் கூடாது. இதில் உதவி வழக்கறிஞர் நிலைக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்றாண்டு வரை அனுபவம் இருந்தால் போதும். மாணவப் பருவத்திலேயே அந்த அலுவலகத்தில் நாலு வாரம் இருந்தவருக்கு, விண்ணப்பிக்கும்போது சான்றிதழைத் தாண்டிச் சொல்ல விஷயம் இருக்கும்.

சிபாரிசு ஏதும் இல்லாதவர் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். பாலியல் வன்முறை, போக்சோ போன்ற மூடிய விசாரணைகள் நீங்கலாக, இடம் இருந்தால் யாரும் போய் உட்காரலாம். அன்றைய வழக்குப் பட்டியல் இ-கோர்ட்ஸ் செயலியில் முந்தைய நாளே கிடைக்கும். பாலியல் குற்றங்கள் போன்ற சில வகைகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆரைப் படித்து, வாய்தாதோறும் போய், சாட்சி சொன்னதையும் பிறழ்ந்ததையும் நோட்டில் எழுதி, கடைசியில் தீர்ப்பைப் பதிவிறக்கித் தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் பயிற்சி கேட்டு ஒரு பக்க விண்ணப்பம் கொடுக்கலாம். விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும்.